ஏரியும் மேய்க்காலும் வீட்டுமனையாகாமல் தடுப்பது எப்படி: வேலூர் வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

“அ-1 அறிவிப்பு வெளியிடப்பட்டது. ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை.” பொது நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும் வருவாய்த் துறைக் கோப்புகளில் இந்த இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து வரும். கிராம நிர்வாக அலுவலரின் அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது என்று முதல் வாக்கியம் சொல்கிறது. அதை யாரும் படிக்கவில்லை என்று இரண்டாவது சொல்கிறது. ஏரி, மேய்க்கால் (ஊரின் பொது மேய்ச்சல் நிலம்), தோப்பு எல்லாம் ஊரின் கையை விட்டுப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பொக்லைன் வந்து நிற்பது அதற்கு வெகுகாலம் கழித்து. உங்கள் ஊர்க் கோப்பில் அந்த இரண்டாவது வாக்கியத்தை எவரும் எழுத முடியாதபடி செய்ய என்னென்ன வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

வேலூரில் இதற்கு அவசரம் உண்டு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை, மருத்துவமனை, கல்லூரிகள், 2008இல் வந்த மாநகராட்சித் தகுதி எல்லாம் சேர்ந்து காட்பாடி, சத்துவாச்சாரி, அரியூர் பக்கங்களில் மனை விலையை ஏற்றிவிட்டன. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஊர் இது. கிணற்றில் நீர் இருப்பதும் இல்லாததும் ஏரிகளைப் பொறுத்தது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது, நீர் தன் பழைய வழிகளை எப்படித் தேடி வந்தது என்பதைத் தாழ்வான பகுதிகளில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நிலத்தின் பிறப்புப் பதிவைக் கையில் எடுங்கள்

“பச்சையாக இருக்கிறது, பறவைகள் வருகின்றன, காப்பாற்றுங்கள்” என்று எழுதும் மனுவை அலுவலகத்தில் மரியாதையோடு வாங்கி அடுக்கி வைத்துவிடுவார்கள். அந்த நிலத்தை எந்தச் சட்டம் பூட்டி வைத்திருக்கிறது என்று சொல்லும் மனுவை அப்படி வைத்துவிட முடியாது. ஆகவே முதல் வேலை, நிலத்தின் வகைப்பாட்டைக் கண்டுபிடிப்பது.

புல எண் தெரிந்தால் அரசின் நிலப்பதிவு இணையதளத்தில், ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகப் பதிந்திருக்கும் அ-பதிவேட்டின் பகுதியைப் பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். நிலம் அரசுடையதா தனியாருடையதா, நன்செய்யா புன்செய்யா புறம்போக்கா, பரப்பு எவ்வளவு என்பது வரும். புறம்போக்கு என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஏரி, குட்டை, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், மந்தைவெளி, தோப்பு, களம், சுடுகாடு என்று அதற்குள் எது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’ என்று இருந்தால் அது அரசு எளிதில் ஒப்படை செய்யக்கூடிய நிலம். ‘ஏரி’ என்று இருந்தால் கதையே வேறு.

பதிவேட்டின் கடைசிப் பத்தியான ‘குறிப்பு’ பகுதியைப் பலரும் கவனிப்பதில்லை. வகைப்பாடு எப்போதாவது மாற்றப்பட்டிருந்தால் அந்த உத்தரவின் ந.க. (நடப்புக் கணக்கு) எண்ணும் தேதியும் அங்கேதான் இருக்கும். அந்த எண் கிடைத்துவிட்டால் முழுக் கோப்பையும் கேட்டு வாங்க வழி பிறந்துவிடும்.

இணையத்தில் தெரிவது இன்றைய நிலை மட்டுமே. பழைய பதிவோடு ஒப்பிட வேண்டும். 1980களில் நடந்த யு.டி.ஆர். நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது புறம்போக்கு தனியார் பெயருக்கு ஏறிய இடங்களும், ஏரியின் ஓரம் உட்பிரிவாகப் பிரிந்து ‘தரிசு’ ஆன இடங்களும் உண்டு. அதனால் யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் சான்றிட்ட நகலும், அதே புல எண்ணின் புலப்படமும், கிராம வரைபடமும் தேவை. வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலும் கேளுங்கள். ஜமீன், இனாம் ஊராக இருந்திருந்தால் 1948, 1963 ஒழிப்புச் சட்டங்களுக்குப் பின் நடந்த நிலவரித் திட்டத்தின் பதிவுதான் உங்களுக்கு அடிப்படை.

வடாற்காடு 1989இல் இரண்டாகவும், வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகவும் பிரிந்தன. ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் “அந்தப் பதிவு எங்களிடம் இல்லை” என்ற பதிலை எதிர்பார்த்தே போக வேண்டும். அதற்கான மருந்து தகவல் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்ட பகுதிகளில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று எண்கள் மாறியிருக்கும். பழைய புல எண்ணுக்கும் புதிய நகர அளவை எண்ணுக்கும் உள்ள ஒப்பீட்டுப் பட்டியலை எழுதிக் கேட்டு வாங்காமல் எந்த மனுவையும் கொடுக்காதீர்கள். தவறான எண்ணில் கொடுத்த ஆட்சேபணை எண் தவறு என்ற ஒரே காரணத்தால் கீழே விழுந்துவிடும்.

எந்த நிலத்துக்கு எந்தச் சட்டம்

ஏரி, குளம், ஓடை. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. நகருக்குள் உள்ளவற்றில் உள்ளாட்சிக்கும் பங்கு உண்டு. இரு அலுவலகங்களும் ஒன்றையொன்று காட்டும் என்பதால் யாருடைய ஏரி என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீர்வளத் துறையின் ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது. மற்ற புறம்போக்குகளுக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். எல்லா இயற்கை நீர்நிலைகளையும் அடையாளம் கண்டு பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2005இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதுவும் ஓடைப் புறம்போக்கு பற்றிய வழக்குதான். ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம், குளத்து நிலத்தில் வீட்டுமனைக்கென்று கொடுத்த ஒதுக்கீட்டையே செல்லாதென்று சொல்லி இடத்தைக் காலி செய்யச் சொன்னது. நம் விஷயத்துக்கு இதைவிட நெருக்கமான தீர்ப்பு கிடையாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பலரும் 2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகளை மனுவின் முதல் வரியில் எழுதுகிறார்கள். அந்த விதிகளின் வரையறை, பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை வெளியே வைக்கிறது. நம் ஏரிகளோ பெரும்பாலும் பாசனத்துக்காகக் கட்டப்பட்டவை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைக் காட்டி உங்கள் மனுவின் அடித்தளத்தையே ஆட்டிவிடுவார். வருவாய்ப் பதிவையும் மேலே சொன்ன தீர்ப்புகளையும் முன்னால் வையுங்கள்.

மேய்க்கால், மந்தை, தோப்பு, களம். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 134ஆம் பிரிவு இவற்றை ஊராட்சியின் பொறுப்பில் வைக்கிறது. எனவே வகைமாற்றக் கோப்பில் ஊராட்சியின் தீர்மானம் தேடப்படும். அதை உங்கள் பக்கம் திருப்பலாம். ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தக் கூடாது என்று 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, எல்லா மாநில அரசுகளுக்கும் கட்டளை அனுப்பியது. ஆடு மாடு வைத்திருக்கும் நிலமற்ற குடும்பங்களுக்கு இந்த நிலம்தான் சொத்து. மனுவில் அவர்கள் பெயர் முதலில் வரட்டும்.

பஞ்சமி நிலம். 1892ஆம் ஆண்டு அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுக்கப்பட்ட நிலம். நிபந்தனையை மீறிக் கைமாறிய பஞ்சமி நிலம் மனைப்பிரிவாகிறது என்றால், பசுமையைக் காட்டிலும் பெரிய அநியாயம் அங்கே நடக்கிறது. பழைய பதிவில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

காப்புக்காடு. பாலமதி மலைச்சரிவோ ஜவ்வாது மலையடிவாரமோ, காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட இடத்தில் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். 2023இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, பெயரும் மாறியது. மாவட்ட வன அலுவலருக்கு எழுதும்போது காப்புக்காட்டின் அறிவிக்கை நகலையும் எல்லைக் கற்களின் படத்தையும் இணையுங்கள். காட்டை ஒட்டிய பட்டா நிலம் வேறு, காப்புக்காடு வேறு. இரண்டையும் குழப்பினால் உங்கள் நியாயமான புகாரும் பலவீனப்படும்.

விளைநிலம். பட்டா நிலத்தை உரிமையாளர் விற்பதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் அதன் பயன்பாட்டை மாற்றுவதற்கு அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில், முழுமைத் திட்டத்துக்கு உட்பட்ட பகுதி என்றால் 32ஆம் பிரிவின் கீழ் திட்டத்தையே திருத்தியாக வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே என்றால் 47-அ பிரிவும் 2017ஆம் ஆண்டின் நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளும் பொருந்தும். வேளாண் துறை, வருவாய்த் துறை, நீர்வளத் துறை ஆகியவற்றின் கருத்துகள் அந்தக் கோப்பில் இருக்கும். வரத்துக் கால்வாய் நடுவே ஓடும் நன்செய்யைப் பற்றி “நீர்வழி ஏதும் இல்லை” என்று யாராவது எழுதியிருந்தால், கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

பூங்கா இடம். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவுகளில் திறந்தவெளி ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் நகரில் “பிறகு பூங்கா வரும்” என்று காட்டிய இடத்தில் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள் என்றால், அங்கீகார வரைபடத்தின் நகலையும் தானப் பத்திரத்தையும் வாங்குங்கள். பூங்கா இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்ததையே 1991இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

பத்து ரூபாய் மனு

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005. கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையாகவே ஒட்டிவிடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. பதிவு வேறு அலுவலகத்தில் இருந்தால் 6(3) பிரிவின்படி அவர்களே 5 நாளுக்குள் உங்கள் மனுவை அங்கே அனுப்ப வேண்டும். மாவட்டப் பிரிவினையைக் காரணம் காட்டும் இடத்தில் இந்தப் பிரிவின் எண்ணை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

“ஏன் மாற்றினீர்கள்?” என்று கேட்டால் விளக்கம் கேட்கக் கூடாது என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்:

“இன்ன கிராமம், இன்ன புல எண் தொடர்பாக, வகைப்பாடு மாற்றம் அல்லது நிலமாற்றம் கோரி நிலுவையில் உள்ள கோப்பின் ந.க. எண், அதன் குறிப்புப் பக்கங்கள் உட்பட முழு நகல். அ-1 அறிவிப்பின் நகல், அது ஒட்டப்பட்ட தேதி, இடம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் ஆகியோரின் தலப்பார்வை அறிக்கைகள். ஊராட்சி அல்லது மாமன்றத் தீர்மானத்தின் நகல். நீர்வளத் துறையின் கருத்து.”

ஏரி என்றால் நீர்வளத் துறைக்குத் தனியாக ஒரு மனு போடுங்கள். பொறியாளர்கள் ‘டேங்க் மெமாயர்’ என்று சொல்லும் ஏரிக் குறிப்பேட்டின் நகலைக் கேளுங்கள். நீர்ப்பிடிப்புப் பரப்பு, முழு நீர்மட்டம், கொள்ளளவு, மதகுகள், கலங்கல் (நிரம்பிய ஏரியின் உபரி நீர் வழியும் இடம்), ஆயக்கட்டு எல்லாம் அதில் இருக்கும். “இது பயன்பாட்டில் இல்லாத ஏரி” என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. கூடவே, 2(ஜே) பிரிவின்படி கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். நகலில் வராத தாள்கள் நேரில் பார்க்கும்போது கண்ணில் படும்.

தகவல் வரும்வரை ஆட்சேபணையைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் ஒரே வாரத்தில் போகட்டும்.

நிலத்தின் மேல் நடந்து பாருங்கள்

புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர் ஒருவரோடும், ஏரியில் மடை திறந்து பழக்கப்பட்ட நீர்க்கட்டியோடும் எல்லையைச் சுற்றி வாருங்கள். வரத்துக் கால்வாய் எங்கே நுழைகிறது, கலங்கல் வழியும் நீர் எந்த ஏரிக்குப் போகிறது, மதகு எந்தப் புல எண்ணில் இருக்கிறது என்று வரைபடத்திலேயே குறியுங்கள். நம் பக்கத்து ஏரிகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. ஒன்றை அடைத்தால் மேலே உள்ள ஊர் மூழ்கும், கீழே உள்ள ஊர் காயும். அதனால் பாதிக்கப்படுகிறவர்கள் உங்கள் ஊர் எல்லையோடு முடிவதில்லை. கலங்கலுக்குக் கீழே உள்ள ஊர்களின் கையெழுத்தும் உங்கள் மனுவில் இருந்தால் அதிகாரிகள் அதை வேறு விதமாகப் படிப்பார்கள்.

மழைக்காலத்தில் நீர் நிற்கும் படம்தான் முக்கியம். வடாற்காட்டுக்குத் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு, வடகிழக்கிலும் உண்டு. இரண்டு பருவத்திலும் தேதி, இடக்குறிப்போடு எடுத்து வையுங்கள். கோடையில் எடுத்த வறண்ட படத்தைத்தான் மறுதரப்பு காட்டும். பழைய செயற்கைக்கோள் படங்கள் கூகுள் எர்த்தில் ஆண்டுவாரியாகக் கிடைக்கின்றன. கால்வாய் எந்த ஆண்டு மண் மூடிப் போனது என்பது அதில் தெரியும். ஆயக்கட்டு விவசாயிகளின் சிட்டா, அடங்கல் நகல்களையும் சேருங்கள்.

ஆட்சேபணை மனு

ஆட்சியருக்கு முகவரியிட்டு, வருவாய்க் கோட்டாட்சியர், வட்டாட்சியர், சம்பந்தப்பட்ட துறையின் செயற்பொறியாளர், ஊராட்சி அல்லது மாநகராட்சி, நகர் ஊரமைப்பு அலுவலகம் ஆகியோருக்கு நகல் அனுப்புங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்குவதோடு, அதையே ஒப்புகை கிடைக்கும்படி அஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். ஆக்கிரமிப்புப் புகார் என்றால் 2014ஆம் ஆண்டின் வருவாய்த் துறை அரசாணை எண் 540ஐக் குறிப்பிடுங்கள். அந்தப் புகார்களை விசாரிப்பதற்கென்றே வந்த அரசாணை அது.

அரசிதழிலோ நாளிதழிலோ நிலப் பயன்பாட்டு மாற்ற அறிவிக்கை வந்திருந்தால், அதிலேயே ஆட்சேபணைக்கான கெடுவும் முகவரியும் இருக்கும். கெடு முடிய ஒரு நாள் இருந்தாலும் நேரில் போய்க் கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள்.

மனு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மாதிரி:

“பொருள்: இன்ன வட்டம், இன்ன கிராமம், புல எண் இன்னதில் ‘ஏரி’ என வகைப்படுத்தப்பட்ட நிலத்தை வீட்டுமனைக்காக வகைமாற்றம் செய்ய ஆட்சேபணை.

மேற்கண்ட நிலம் நிலவரித் திட்டப் பதிவேட்டிலும் இன்றைய அ-பதிவேட்டிலும் ஏரி என உள்ளது (இணைப்பு 1, 2). நீர்வளத் துறை ஏரிக் குறிப்பேட்டின்படி இதன் முழு நீர்மட்டம் புல எண் இன்னது வரை உள்ளது (இணைப்பு 3). இந்த ஏரியின் கலங்கல் நீர் இன்ன ஏரிக்குச் செல்கிறது. அதன் ஆயக்கட்டுதாரர்களும் இதில் கையொப்பமிட்டுள்ளனர் (இணைப்பு 4). உச்ச நீதிமன்றத்தின் 2001, 2011ஆம் ஆண்டுத் தீர்ப்புகளும் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இத்தகைய மாற்றத்துக்கு இடம் தரவில்லை. எனவே கோப்பை நிராகரிக்கவும், முடிவெடுக்கும் முன் எங்களை நேரில் விசாரிக்கவும், நிலத்தை அளந்து எல்லைக் கல் நடவும், முடிவை எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறோம். வீட்டுமனைக்கு ஏற்ற மாற்று நிலங்களின் பட்டியல் இணைப்பு 5இல் உள்ளது.”

‘நேரில் விசாரிக்க வேண்டும்’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். உங்களைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்று பின்னால் நீதிமன்றத்தில் சொல்ல அதுவே ஆதாரம். யார் யாரிடம் பணம் வாங்கினார் என்று எழுத வேண்டாம். கையில் ஆதாரம் இல்லாத ஒரு குற்றச்சாட்டு, ஆதாரமுள்ள பத்து வாதங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாட்களில் எது அடுத்து வருகிறதோ அதற்கு முன்பே தீர்மான வரைவை எழுதி ஊராட்சித் தலைவரிடமும் செயலரிடமும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் உள்ள ஊர்களில், தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்த பிறகே எழுந்திருங்கள். நகல் கேட்டு அன்றே மனு எழுதிக் கொடுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால், ஏரி பற்றிய தீர்மானத்தை அன்று தள்ளிவைப்பது யாருக்கும் கடினம். மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் வார்டு குழு, பகுதி சபைக் கூட்டங்களைப் பயன்படுத்தலாம்.

வீடில்லாதவர்களை எதிரில் நிறுத்தாதீர்கள்

என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது. ஏரிப் புறம்போக்கைக் கேட்பவர்கள் எல்லோரும் மனை வணிகர்கள் கிடையாது. மூன்று தலைமுறையாக ஒரே அறையில் வாழும் குடும்பங்களுக்கு இலவச மனைப் பட்டா கொடுக்க இடம் தேடும்போதும் வட்டாட்சியரின் கண் மேய்க்கால் மேலேயே விழுகிறது. அப்போது “ஏரியைக் காப்போம்” என்று வசதியுள்ளவர்கள் கூடினால், ஏழைக்கு வீடு கிடைப்பதைத் தடுக்கிறார்கள் என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சில் நியாயமும் இருக்கிறது.

அதனால் மாற்று நிலப் பட்டியலை நீங்களே தயாரியுங்கள். அதே அ-பதிவேட்டில் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, காலியான கிராம நத்தம் எங்கெங்கே இருக்கின்றன என்று புல எண், பரப்போடு எழுதுங்கள். சாலை, குடிநீர், பள்ளி எவ்வளவு தொலைவு என்றும் குறியுங்கள். ஊருக்கு ஐந்து கல் தள்ளி ஒரு பாறைக்காட்டைக் காட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று நினைக்கக் கூடாது. மனை கேட்டு விண்ணப்பித்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, அவர்களும் ஒப்புக்கொண்ட இடத்தைப் பட்டியலில் முதலாவதாக வையுங்கள். அவர்களில் இருவர் உங்களோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தால், இருதரப்பையும் மோத விட்டுக் கோப்பை நகர்த்தும் வழி அடைபட்டுவிடும். ஏரிக்குள் வீடு கட்டியவர்தான் வெள்ளத்தில் முதலில் இழக்கிறார். ஆக்கிரமிப்பு அகற்றம் வரும்போதும் முதலில் இடிபடுவது அவர் சுவர்தான். இதை அவர்களிடம் எச்சரிக்கையாகச் சொல்லாமல் உறவினரிடம் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

ஏற்கனவே அங்கே குடியிருப்பவர்கள் இருந்தால், மாற்று வீடு கொடுத்த பிறகே அகற்ற வேண்டும் என்ற வரியும் உங்கள் மனுவில் இருக்கட்டும்.

மனைப்பிரிவுப் பலகை நட்டுவிட்டார்கள் என்றால்

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடை போடுகிறது. 20.10.2016க்கு முந்தைய மனைகளுக்கு வந்த 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகளும் நீர்நிலைகளுக்கு இடம் தரவில்லை. ஆகவே சார்பதிவாளருக்கு அ-பதிவேட்டு நகலோடு எழுதி, அந்தப் புல எண்ணில் பத்திரம் பதியக் கூடாது என்றும், வழிகாட்டி மதிப்பைப் பூஜ்யமாக்க வேண்டும் என்றும் கேளுங்கள். மாவட்டப் பதிவாளருக்கு நகல். வில்லங்கச் சான்று எடுத்தால் இதுவரை எத்தனை மனை விற்றது என்று தெரியும்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகாமல் விளம்பரமே செய்யக் கூடாது. ஆணையத்தின் தளத்தில் வரைபடம், அங்கீகார எண் எல்லாம் இருக்கும். அவற்றைப் புலப்படத்தோடு ஒப்பிடுங்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டடப் பரப்பு என்றால் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது என்பதால், சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் ஏறும் ‘பரிவேஷ்’ தளத்தில் நீங்களே தேடிப் பார்த்து, அந்த அனுமதியை வழங்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு எழுதினால்தான் உண்டு. 100 ஹெக்டேருக்குக் குறையாத, நடுவே நீர்நிலை உள்ள திட்டங்களுக்கு 2023ஆம் ஆண்டின் நில ஒருங்கிணைப்புச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. பெரிய திட்டம் என்றால் அந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்கை ஏதும் வந்ததா என்றும் பாருங்கள்.

இரவில் மண் கொட்டுகிறார்கள் என்றால் வட்டாட்சியருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். தனியாகப் போய் லாரியை மறிக்காதீர்கள். பலராகப் போங்கள், தூரத்திலிருந்து படம் எடுங்கள், கை வைக்காதீர்கள்.

நீதிமன்றம்

மேலே சொன்ன தாள்கள் எல்லாம் ஒரு கோப்பில் தேதி வரிசையில் இருந்தால் வழக்கறிஞரின் வேலை பாதி முடிந்துவிடும். வகைமாற்ற உத்தரவு, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவற்றை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின்படி ரிட் மனு போடலாம். பொதுநல வழக்கு என்றால் சொந்த ஆதாயம் இல்லை என்ற உறுதிமொழி வேண்டும். அதிகாரிகளுக்கு முன்பே மனு கொடுத்தீர்களா என்பதுதான் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி.

நீர்நிலை, காடு, மாசு தொடர்பான சட்ட மீறல் என்றால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. விஷயம் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், தக்க காரணம் காட்டினால் 60 நாள் கூடுதல். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு என்றால் 30 நாளே. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். நகர் ஊரமைப்புச் சட்ட மீறலை மட்டும் வைத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனால் அது அவர்கள் வரம்பில் இல்லை. அதற்கு உயர் நீதிமன்றம்தான். பணம் இல்லை என்று நின்றுவிட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும்.

இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் பெரிய தீர்ப்புகளில் ஒன்று நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. பாலாற்றில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதாக அந்தத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் உறுதியானது. தன் செயலால் சூழலுக்குக் கேடு இல்லை என்று நிரூபிக்கும் சுமை, செய்ய வருபவர் மேலேயே விழுகிறது. ஏரிக்குள் மனை போடுவதால் வெள்ளம் வராது, கிணறு வற்றாது என்பதை அவர்கள் நிரூபிக்கட்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை தந்த தீர்ப்பு அது. மனுவில் அதன் பெயரைத் தயங்காமல் எழுதுங்கள்.

தடை உத்தரவு கிடைத்ததும் அதன் சான்றிட்ட நகலை ஆட்சியர், வட்டாட்சியர், சார்பதிவாளர், காவல் நிலையம் ஆகிய நான்கு இடத்திலும் அன்றே கொடுத்து முத்திரை வாங்குங்கள். கோப்பு நிராகரிக்கப்பட்டால் அந்த உத்தரவு எண்ணை அ-பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் ஏற்றச் சொல்லி மனு கொடுங்கள். எல்லைக் கல் நட்ட நாளில் நில அளவர் தயாரிக்கும் மகஜரில் ஊரார் கையெழுத்து இருக்கட்டும். அதன் பின்னும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் புல எண்ணை இணையதளத்தில் திறந்து, உட்பிரிவு புதிதாக ஏதும் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் பொறுப்பை ஊரில் இளையவர்கள் இருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.